மூன்று பேர், 5,400 ரூபாய், 21ஆம் தேதியே கை காலி. எங்கே தப்பு செய்கிறோம்?

செல்லூர் மாடிவீடு எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. நான் கமுதிப் பக்கம், ஒருத்தி உசிலம்பட்டி, ஒருத்தி சோழவந்தான். விடுதிக்குக் கட்ட வழியில்லாமல் மதுரை செல்லூரில் ஒரு பாட்டி வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மூன்று பேருமே அரசுப் பள்ளியில் படித்தவர்கள், அதனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் வருகிறது. அதோடு வீட்டிலிருந்து ஆளுக்கு 800. வாடகையும் ஃபீஸும் தனி. சாப்பாட்டுக்கு மொத்தம் 5,400. அரிசி வாங்குவதில்லை. சோழவந்தான்காரி வீட்டில் வயல் இருக்கிறது, போதாததற்கு எங்கள் இரண்டு வீட்டு ரேஷன் அரிசியும் வந்துவிடும்.

அரிசிச் செலவே இல்லாமல் இந்தக் காசு எப்படிப் பற்றாமல் போகிறது என்று எங்களுக்கே புரியவில்லை. போன மாதம் நோட்டுப் போட்டு எழுதினேன். 21ஆம் தேதி வரைக்கும் ஆனது இது:

மளிகை 1,870. காய் 1,240. பால் (தினமும் அரை லிட்டர் நீலப் பாக்கெட்) 420. ஐந்து கிலோ சிலிண்டர் 600. வெளியில் வாங்கிச் சாப்பிட்டது 1,270. கூட்டினால் சரியாக 5,400.

மிச்சம் ஒன்பது நாளும் ஊறுகாய், புளிச்சோறு, மோர்ச்சோறு. 27ஆம் தேதி பாட்டி தட்டு நிறையப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தார். அதை நாங்கள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போனார். எனக்கு ரொம்ப வெட்கமாகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லூரியில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. உசிலம்பட்டிக்காரிக்கு ஹீமோகுளோபின் 9.4. அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தால் இறங்கும்போது தலை சுற்றுகிறது என்கிறாள். அதனால் "செலவைக் குறை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நல்லபடியாகவும் சாப்பிட வேண்டும்.

எங்களிடம் இருப்பது ஒரு அடுப்பு, ஐந்து லிட்டர் குக்கர், ஒரு வாணலி, ஒரு சின்ன மிக்ஸி. கிரைண்டர், ஃபிரிட்ஜ் இல்லை. பாட்டி முட்டைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். கறி, மீன் கூடாது. கருவாட்டு வாசம் வந்தால் அன்றைக்கே சாவியைக் கேட்பார்.

---

ஊர்சுற்றி எழுதியது:

பரவை மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போங்கள். தக்காளியெல்லாம் பெட்டி விலைக்கு அள்ளலாம். காய்ச் செலவு பாதியாகிவிடும்.

---

செல்லூர் மாடிவீடு எழுதியது:

அண்ணே, ஃபிரிட்ஜ் இல்லை என்று எழுதியிருக்கிறேனே. மூன்று பேர் ஒரு பெட்டி தக்காளியை என்ன செய்வோம்? அழுகுவதற்குள் கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் விற்க வேண்டியதுதான்.

---

கீழமாசி தராசு எழுதியது:

தங்கச்சி, உங்கள் கணக்கை இரண்டு தடவை படித்தேன். கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் பதினேழு வருசமாக நிறுத்துப் போடுகிறேன், பில்லும் போடுகிறேன். கணக்கைப் பார்த்தால் ஆள் எப்படிச் சாப்பிடுகிறார் என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

நீங்கள் ஏமாந்தது காயில் இல்லை. சாயங்காலம் ஆறு மணியில்.

அந்த 1,270 எதில் போனது என்று நான் சொல்கிறேன், சரியா பாருங்கள். கல்லூரி விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் ஒரு பஜ்ஜி, ஒரு டீ. ரூமுக்கு வந்தால் ஒருத்திக்கும் அடுப்பைப் பற்ற வைக்கத் தெம்பில்லை. "இன்னைக்கு மட்டும்" என்று புரோட்டா பார்சல். மத்தியானம் டப்பாவில் கொண்டுபோனது வெறும் தக்காளிச் சோறு, அது மூன்று மணிக்கே இறங்கிவிடும். பசியோடு கடைத்தெரு வழியாக நடந்து வருகிறவனைப் புரோட்டாக்கல் சத்தமே இழுத்துவிடும். இது மன உறுதி சம்பந்தப்பட்ட விசயம் இல்லை. நானும் இந்த ஊருக்குப் பேரையூரிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவன்தான். முதல் மூன்று மாதச் சம்பளத்தில் பாதியைச் சால்னாவுக்கே கொடுத்தேன்.

என்னைத் திருத்தியது எங்கள் கடை லோடுமேன் ஒருவர். மூட்டை தூக்குகிற ஆள், ஆனால் கடை டீக்குக்கூட வர மாட்டார். காலையில் வரும்போதே தூக்குவாளியில் நீச்சத்தண்ணியும் சோறும், மடியில் ஒரு பொட்டலத்தில் அவித்த பயறு. ஒரு நாள் தட்டைப்பயறு, ஒரு நாள் கொள்ளு, ஒரு நாள் நிலக்கடலை. நாலு மணிக்கு லாரி வரும் நேரத்துக்குச் சரியாக அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பார். ஒரு கை அளவுதான். "வயிறு கத்துறதுக்கு முன்னாடியே அதுக்குக் குடுத்துரணும்டா" என்பார். அவ்வளவுதான் விசயம்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது 150 கிராம் பயறு ஊறவையுங்கள், மூன்று பேருக்குப் போதும். பெரிய டம்ளரில் முக்கால் அளவு வரும். தட்டைப்பயறு கிலோ 110 என்றால் அது 16 ரூபாய் 50 காசு, ஆளுக்கு ஐந்தரை ரூபாய். ஒரு பஜ்ஜிக் காசுகூட இல்லை. காலையில் தண்ணீரை மாற்றி, பயறு மூழ்கி இரண்டு விரக்கடை நிற்கும்படி தண்ணீர் விட்டுக் குக்கரின் அடியில் போடுங்கள். அதற்கு மேல் ஒரு தாங்கி வைத்து, அரிசி வைத்த பாத்திரத்தை அதில் இறக்குங்கள். உப்பு அப்போது போட வேண்டாம். நாலு விசில். சோறும் ஆச்சு, பயறும் ஆச்சு, கேஸும் ஒரு தடவைதான். பயறில் பாதியைக் கடுகு, மிளகாய் வத்தல் தாளித்து, பாதி எலுமிச்சை பிழிந்து மூன்று டப்பாவில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே சாப்பிட்டுவிட வேண்டும். ஏறின பிறகு இல்லை. மீதிப் பாதி, அன்றைய கத்தரிக்காய்ப் புளிக்குழம்பில் போகட்டும். அப்புறம் தனியாக வெஞ்சனம் தேட வேண்டாம்.

அடுத்து அந்த 1,870. இதில் பாதிக்கு மேல் தெருமுனைக் கடையில் வாங்கியது என்று நினைக்கிறேன். ஐந்து ரூபாய் மிளகாய்த்தூள், ஐந்து ரூபாய் சாம்பார்ப் பொடி, பத்து ரூபாய் எண்ணெய் பாக்கெட், நூடுல்ஸ், பிஸ்கட். பொட்டலம் சின்னதாக ஆக ஆக நீங்கள் கொடுக்கிற காசில் பிளாஸ்டிக்குக்கும் படத்துக்கும் போகிற பங்கு கூடும். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவரும் எங்களிடம்தான் வாங்குகிறார். மாதம் ஒரு தடவை நேராக இங்கே வந்துவிடுங்கள். காலை பதினோரு மணி வாக்கில் வந்தால் ஆள் குறைவாக இருக்கும், நின்று பார்த்து வாங்கலாம். சாயங்காலம் வந்தால் மூட்டைக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே நசுங்குவீர்கள். மொத்தக் கடை என்றால் மூட்டையாகத்தான் கொடுப்பார்கள் என்று பயப்பட வேண்டாம், கிலோக் கணக்கிலும் பல கடைகளில் நிறுத்துத் தருவோம்.

வந்தால் இதைக் கேளுங்கள்: உடைந்த துவரம்பருப்பு. சலிக்கும்போது தனியாக விழுவது. பார்க்க அழகாக இருக்காது, கல்யாண வீட்டுக்காரர்கள் தொட மாட்டார்கள். எங்கள் கடையில் முழுப்பருப்புக்கும் இதற்கும் கிலோவுக்கு 25 ரூபாய் வித்தியாசம். சாம்பாரில் கரைந்த பிறகு எது உடைந்தது, எது உடையாதது என்று யாருக்குத் தெரியும்? வாங்கும்போது கையில் அள்ளி ஊதிப் பாருங்கள். தூசி பறந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குழம்புப் பொடிக்கு மல்லி அரைக் கிலோ, வத்தல் கால் கிலோ, கொஞ்சம் சீரகம், மிளகு, ஒரு கைப்பிடி கடலைப்பருப்பு. வறுத்து அரவை மில்லில் கொடுத்தால் ஒரு மாதத்துக்கு மேல் வரும். மில்லில் உங்களுக்கு முன்னால் யாராவது கேப்பை (கேழ்வரகு) அரைத்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள், இல்லாவிட்டால் குழம்பு கூழாகிவிடும்.

பயறு நாலு கிலோ, உடைந்த பருப்பு இரண்டு கிலோ, நிலக்கடலை ஒன்றரைக் கிலோ, கேப்பை மாவு, எண்ணெய், புளி, சீனி, டீத்தூள் எல்லாம் சேர்த்து நான் போட்டுப் பார்த்த பட்டியல் 1,500ஐ ஒட்டி வருகிறது. அது முப்பது நாளைக்கு. உங்கள் 1,870 இருபத்தொரு நாளைக்கு.

---

வெள்ளை உடுப்பு எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் நர்ஸ் வேலை பார்க்கிறேன், எனக்கு அந்த 9.4 தான் கண்ணில் படுகிறது.

பாப்பா, உங்கள் வயதுப் பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 9.4ஐ பீட்ரூட்டாலும் பேரீச்சம்பழத்தாலும் தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உணவு வேண்டும், ஆனால் இந்த அளவுக்கு அது மட்டும் போதாது. பக்கத்தில் இருக்கிற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் பார்ப்பதற்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் காசு கிடையாது. பூச்சி மாத்திரை வேண்டுமா, மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் கேட்பார்கள். கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. நிறையப் பேர் அங்கேதான் நிறுத்துகிறார்கள்.

சாப்பாட்டில் இரண்டே மாற்றம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். டீயில் இருக்கிற துவர்ப்பு, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இதற்கு நேர் எதிர், சேர உதவும். அண்ணன் சுண்டலில் எலுமிச்சை பிழியச் சொன்னது ருசிக்காக இருக்கலாம். நான் மருந்து மாதிரிச் சொல்கிறேன், தினமும் பிழியுங்கள்.

புரதம் பற்றியும் பயம் வேண்டாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிற அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். ஐம்பது கிலோ இருக்கிற பெண்ணுக்கு நாளைக்கு 42 கிராம் போதும். நீங்கள் சாப்பிடுகிற 350 கிராம் அரிசியிலேயே 25 வந்துவிடும். 50 கிராம் பயறு 11, ஒரு முட்டை 6, ஒரு கைப்பிடி நிலக்கடலை 6. கூட்டிப் பாருங்கள், தேவைக்கு மேலேயே இருக்கிறது. அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் என்கிற புரதக் கூறு பயறில் நிறைய உண்டு, அதனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதில் அர்த்தமும் இருக்கிறது. ஊறுகாயும் சோறும் சாப்பிட்ட அந்த ஒன்பது நாளில்தான் எல்லாம் சரிந்திருக்கிறது.

---

அண்ணாநகர் வாசி எழுதியது:

காய்க்கு நான் ஒன்று சொல்கிறேன். பரவையெல்லாம் வேண்டாம். அண்ணாநகர் உழவர் சந்தைக்கு வாருங்கள். தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை இது, 1999 நவம்பர் 14ஆம் தேதி திறந்தது. எங்கள் அம்மா அன்றைக்கு வாங்கின முருங்கைக்காயைப் பற்றி இன்றைக்கும் பேசுவார், அது வேறு கதை. விலைப் பலகை வாசலில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு அது பெரிய உதவி. விவசாயிகளே கொண்டுவந்து விற்பதால் கால் கிலோ கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். உங்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, எங்களை மாதிரி ஆட்டோவுக்கு அழ வேண்டாம். வாரம் இரண்டு தடவை வந்தால் ஃபிரிட்ஜே தேவையில்லை.

கீரை வேண்டுமென்றால் விடியற்காலையில் வர வேண்டும். விலை குறைய வேண்டுமென்றால் பத்தரை, பதினோரு மணிக்கு வர வேண்டும், திரும்பக் கொண்டுபோக மனசில்லாமல் கூறு கட்டிக் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்காது.

அப்புறம், பரீட்சை நேரத்தில் சமைக்க முடியவில்லை என்றால் அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. என் கல்லூரிக் காலத்தில் அதில் பல நாள் ஓடியிருக்கிறது. மூன்று வேளையும் அதிலேயே ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், காய் கண்ணில் படாது.

---

செல்லூர் மாடிவீடு எழுதியது (ஆறு வாரம் கழித்து):

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு முழு மாதம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

தராசு அண்ணே, பஜ்ஜி இல்லை, வாழைக்காய் போண்டா. மற்றதெல்லாம் நீங்கள் சொன்னது அப்படியே. நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், 1,270இல் 960 சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டுக்குள் செலவானது.

கீழமாசி வீதிக்கு மூன்று பேருமாகப் போனோம். உங்கள் கடை எது என்று தெரியாததால், உடைந்த பருப்பு கேட்டு மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில்தான் "மாட்டுக்கா, மனுசருக்கா?" என்று கேட்டார்கள். மனுசருக்கு என்றதும் உள்ளே போய் வேறு சாக்கிலிருந்து கொண்டுவந்தார்கள். ஊதிப் பார்த்துத்தான் வாங்கினோம்.

முதல் வாரம் சொதப்பினோம். கொள்ளை ராத்திரி எட்டு மணிக்கே ஊறவைத்துவிட்டு, காலையில் எழுந்திருக்க நேரமாகி, சாயங்காலம் வேகவைத்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டுப் போனோம். இந்த வெயிலில் திரும்பி வந்து மூடியைத் திறந்தால் நுரை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டினோம். அதற்கப்புறம் யார் பயறு ஊறவைக்கிறாளோ அவளே காலையில் குக்கர் வைக்க வேண்டும் என்று முறை போட்டுக்கொண்டோம். குக்கருக்குள் வைக்கிற மாதிரி அடுக்குப் பாத்திரமும் தாங்கியும் சேர்த்து 280 ரூபாய்க்கு வாங்கினோம்.

மாதக் கணக்கு: மளிகை 1,560. காய் 980. பால் 600. முட்டை இரண்டு அட்டை, அறுபது முட்டை, 390. சிலிண்டர் 600. மில் 40. பாத்திரம் 280. வெளியில் சாப்பிட்டது 410. மொத்தம் 4,860. மீதி 540.

அந்த 540 மீதியாகவே இருந்தது என்று சொல்ல ஆசைதான். 29ஆம் தேதி சோழவந்தான்காரிக்குப் பிறந்தநாள். விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா குடித்தோம், வரும் வழியில் புரோட்டாவும் சாப்பிட்டோம். போன மாதம் பசிக்குச் சாப்பிட்ட புரோட்டாவைவிட இது ருசியாக இருந்தது.

வெள்ளை உடுப்பு அக்கா, அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரை கொடுத்தார்கள், மறுபடியும் ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் பயந்துபோய் என்னை எழுப்பினாள். நான் படித்ததைச் சொன்னேன், நிறுத்தவில்லை. டீயை மட்டும் விட மாட்டேன் என்கிறாள், நாலு மணிக்கு ஒன்று என்று பேசி முடித்திருக்கிறோம். சுண்டல் அதற்கு ஒரு மணி நேரம் கழித்து, பஸ் ஸ்டாப்பில்.

கொள்ளு ரசம் வைத்த அன்றைக்குப் பாட்டி மேலே வந்தார். கருவாடு என்று சந்தேகப்பட்டிருப்பார் போல, வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். ஒரு டம்ளர் கொடுத்தோம். மறுநாள் தன் டம்ளரை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும். மீதி இருக்கிற தட்டைப்பயறில் வண்டு வந்துவிட்டது. ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். தூக்கிப் போட மனசு வரவில்லை, என்ன செய்யலாம்?

---

கீழமாசி தராசு எழுதியது:

ஓட்டை விழுந்ததைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், அதை அள்ளிப் போட்டுவிடுங்கள். அடியில் நிற்பதை அன்றைக்கே அவித்துவிடுங்கள். மிதப்பது பாதிக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் கொட்டுங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

அடுத்த தடவை வாங்கியதும் மொட்டை மாடியில் ஒரு நாள் முழுக்க நல்ல வெயிலில் பரப்பி, சூடு ஆறிய பிறகு ஈரமில்லாத டப்பாவில் நாலு வத்தலோடு போட்டு மூடி வையுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துவிடும். தட்டைப்பயறை ஒரே தடவையாக ஒன்றரைக் கிலோ வாங்காமல் முக்கால் முக்காலாக வாங்குங்கள், இது மற்றப் பயறைவிடச் சீக்கிரம் வண்டு பிடிக்கிற சாதி.

மாட்டுக்கா, மனுசருக்கா என்று கேட்டது எங்கள் கடைதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நான் லீவு.